டான்பி பாதிரியாரின் சொற்சுவடி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மனிதர் தமிழர் அல்லர், தமிழறிஞரும் அல்லர். இங்கிலாந்தின் வடகிழக்கில், யார்க்ஷயர் பகுதியில், மேட்டுநிலங்களுக்கு இடையே ஒதுங்கிக் கிடந்த டான்பி என்னும் சிற்றூரில் 53 ஆண்டுகள் பாதிரியாராகப் பணியாற்றி, அவ்வூரிலேயே கண்மூடியவர். பெயர் ஜான் கிறிஸ்டோபர் அட்கின்சன். தமிழ்மொழிக்கென அமைந்த மன்றத்தின் மேடையில் இவருக்கு என்ன இடம் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வினாவுக்கு உரையின் பிற்பகுதியில் வருகிறேன். முதலில் மனிதரைப் பார்ப்போம்.

அட்கின்சன் 1814ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்கிழக்கே, எசெக்ஸ் பகுதியிலுள்ள கோல்டுஹாங்கர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையாரும் திருச்சபைப் பணியாளரே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, குருப்பட்டம் பெற்று, வேறு சில ஊர்களில் உதவிக் குருவாக இருந்த பின் 1847இல் டான்பிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 33. அதன்பின் 1900ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் மறையும்வரை அவ்வூரை விட்டு நீங்கவில்லை.

அவர் டான்பிக்கு வருவதற்கு ஓராண்டு முன்னர், 1846இல், வில்லியம் தாம்ஸ் என்பவர் இலண்டன் இதழொன்றுக்கு எழுதிய மடலில் 'ஃபோக்லோர்' என்ற புதுச்சொல்லை முதன்முதலாகப் பயன்படுத்தினார். நாம் இன்று நாட்டார் வழக்காறு என்று வழங்கும் துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் பிறந்தது அப்போதுதான். அட்கின்சன் தம் ஊரில் செய்யத் தொடங்கிய வேலைக்கு ஒரு பெயர் கிடைத்தே ஓராண்டுதான் ஆகியிருந்தது. எப்படிச் செய்வது என்று சொல்லும் நூலோ பயிற்சியோ அன்று இல்லை.

டான்பியின் நிலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவ்வூர்ப் பேச்சு அந்த நிலத்தில்தான் விளைந்தது. எஸ்க் என்னும் சிற்றாறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடி விட்பி துறைமுகத்தில் கடலோடு கலக்கிறது. அதன் இருமருங்கும் சிறு சிறு பள்ளத்தாக்குகள். அவற்றுக்கு மேலே 'மூர்' என்று சொல்லப்படும் மேட்டுநிலம்: மரமில்லை, ஹெதர்ப் புதர் படர்ந்திருக்கும், ஆடு மேயும். இப்பகுதி முழுவதற்கும் கிளீவ்லாந்து என்று பெயர். 9ஆம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பகுதிகளிலிருந்து கடல்கடந்து வந்தோர் இங்கே குடியேறினர். 876இல் அவர்கள் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டு உழத் தொடங்கினர் என்று பழைய ஆங்கில ஆண்டுக் குறிப்பு கூறுகிறது. ஊர்ப்பெயரே சான்று. 'பி' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அம்மக்கள் இட்டவை. டான்பி என்றால் டேனியரின் ஊர்.

வந்தவர்களின் மொழி தனிமொழியாக நிலைக்கவில்லை, ஆங்கிலத்தில் கரைந்துபோயிற்று. ஆனால் கரையாத துணுக்குகள் பல உழவர் வாயில் தங்கின. ஓடைக்கு 'பெக்', ஏணிக்கு 'ஸ்டீ', ஆண் பெருவாத்துக்கு 'ஸ்டெக்', தெள்ளுப்பூச்சிக்கு 'லாப்', கைமுட்டிக்கு 'நீஃப்'. விளையாடுவது 'லேக்'. கூலி ஈட்டுவது 'ஆடில்'. வீடு மாறுவது 'ஃபிலிட்'. இலண்டனில் படித்தவர் காதில் இவை சிதைந்த ஆங்கிலமாக விழுந்தன. அட்கின்சன் அவற்றைப் பழைய நார்டிய மொழி நூல்களோடும் டேனிய அகராதிகளோடும் வைத்துப் பார்த்தபோது, அவை சிதைவுகள் அல்ல, ஓராயிரம் ஆண்டுப் பழமையுள்ள சொற்கள் என்று தெரிந்தது. தெள்ளுப்பூச்சியை டேனியர் இன்றும் 'லாப்பெ' என்றே சொல்கின்றனர். டான்பிக் கிழவி கோபன்ஹேகன் சென்றிருந்தால் குறைந்தபட்சம் அந்த ஒரு பூச்சியைப் பற்றியாவது பேசியிருக்கலாம்!

இச்சொற்களை அவர் எப்படிப் பெற்றார்? நடந்து பெற்றார். அவருடைய பங்கு பல பள்ளத்தாக்குகளில் பரந்து கிடந்தது, வீடுகள் சிதறியிருந்தன. நோயாளியைப் பார்க்கவும், பிறப்புக்கும் இறப்புக்கும் போகவும் மேட்டைக் கடந்து நடக்க வேண்டும். தம் பங்குப்பணிக்காக மட்டும் அவர் 70,000 மைலுக்கு மேல் நடந்திருப்பார் என்று கணக்கிட்டுள்ளனர். வழியில் ஆடு மேய்ப்பவர், சுவர் கட்டுபவர், கரி சுமப்பவர் என்று யாரைக் கண்டாலும் நின்று பேசுவார். அடுப்பங்கரையில் முதியவர்களோடு உட்காருவார்.

ஆனால் மக்கள் முதலில் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. இதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். வந்திருப்பவர் படித்தவர், அயலூரார், அதிலும் பாதிரியார். சூனியம், குறளி, காப்பு மரம் என்று அவரிடம் பேசினால் நகைப்பாரோ, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கண்டிப்பாரோ என்ற அச்சம் இயல்பே. அட்கின்சன் நகைக்கவில்லை, திருத்தவுமில்லை. கேட்டுக்கொண்டார். நம்பிக்கை வேரூன்ற ஆண்டுகள் பல ஆயின. 1847இல் வந்தவரின் சொற்களஞ்சியம் வெளியானது 1868இல். ஊர்நினைவுகளைத் திரட்டித் தந்த 'மேட்டுநிலப் பங்கொன்றில் நாற்பதாண்டுகள்' என்ற நூல் வெளிவந்தது 1891இல். மூன்று மாதத்தில் தரவு திரட்டி ஆறு மாதத்தில் ஆய்வேடு ஒப்படைக்கும் நமக்கு இந்தக் கால அளவு சற்றே நாணத்தைத் தருவது.

அவர் பதிந்த கதைகளுள் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். டான்பிக்கு அருகிலுள்ள கிளேஸ்டேல் பள்ளத்தாக்கில் ஹார்ட் ஹால் என்றொரு பண்ணை. அப்பண்ணையில் 'ஹாப்' ஒன்று இருந்தது. ஹாப் என்பது வீட்டோடு ஒட்டி வாழும் குறளி. பகலில் கண்ணுக்குத் தென்படாது. இரவில் ஆள் அரவம் அடங்கியபின் வேலை செய்யும். ஒருநாள் மாலை, வைக்கோல் ஏற்றிய வண்டியின் சக்கரம் இரு கற்களுக்கு இடையே அகப்பட்டுக்கொண்டது. ஆட்கள் எவ்வளவோ முயன்றும் அசையவில்லை. இருட்டிவிட்டது, காலையில் பார்ப்போம் என்று போய்விட்டனர். மறுநாள் பார்த்தால் வண்டி விடுபட்டிருக்கிறது. சுமை கொட்டகைக்குள் அடுக்கப்பட்டிருக்கிறது. அதுபோலவே இரவில் களத்தில் கதிரடிக்கும் ஓசை கேட்கும். விடிந்தால் தானியம் குவிந்திருக்கும். ஒருவர் ஒளிந்து நின்று பார்த்தார். உடலெங்கும் மயிரடர்ந்த பழுப்புநிறச் சிற்றாள் ஒருவன், ஆடையின்றி, சூட்டுக்கோல் சுழற்றிக்கொண்டிருந்தான். ஐயோ, குளிருமே என்று இரங்கிய பண்ணையார் வீட்டார், முரட்டுத் துணியில் ஒரு சட்டை தைத்து, இடைவாரோடு களத்தில் வைத்தனர். ஹாப் அதை எடுத்துப் பார்த்தது. இந்த முரட்டுத் துணிதான் எனக்கு என்றால் இனி அடிக்கவும் மாட்டேன், குத்தவும் மாட்டேன் என்று பாட்டாகச் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டது.

உதவும் குறளி உடை கொடுத்ததும் மறைந்துபோகும் கதை ஐரோப்பாவின் பல நாடுகளில் உண்டு. கிரிம் உடன்பிறப்புகளின் செருப்புத் தைப்பவன் கதை நம் மாணவர்கள் படித்திருக்கக்கூடியது. ஆகவே கதை புதிதன்று. ஹாப் சொன்ன அந்த இரண்டடிப் பாட்டிலுள்ள சொற்களே அட்கின்சனின் கவனத்தை இழுத்தன. சட்டைக்கு அதில் வரும் சொல் 'ஹாம்ப்': இடுப்பருகே சுருக்கி, முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் பழைய உழவர் மேலாடை. 'அடிக்க மாட்டேன்' என்பதற்கு வரும் சொல் 'பெரி'. அது பழைய நார்டிய மொழியில் அடித்தலைக் குறிக்கும் 'பெர்யா' என்ற வினையின் வழிவந்தது. 'குத்த மாட்டேன்' என்பதற்கு வருவது 'ஸ்டாம்ப்'. வாற்கோதுமையின் மீசையை உதிர்க்கும் வேலைக்கு அப்படிப் பெயர்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். நம்மவர் சூடடித்தல், போரடித்தல் என்று வழங்கியது போலவே அவர்களும் கதிரிலிருந்து மணியைப் பிரிக்கும் தொழிலை 'அடித்தல்' என்றனர். கதிரடிக்கும் இயந்திரம் வந்ததும் சூட்டுக்கோல் பரணுக்குப் போயிற்று. கோல் போனதும் அதன் வேலையைக் குறித்த சொல்லும் போயிற்று. நெசவாலைத் துணி வந்ததும் பழைய மேலாடையும் அதன் பெயரும் நாள்வழக்கிலிருந்து நழுவின. ஆனால் பாட்டில் எதுகை இருக்கிறதல்லவா? ஒரு சொல்லை மாற்றினால் அடி குலையும். ஆகவே, பொருள் மறைந்த பின்னும் அந்தச் சொற்கள் பாட்டுக்குள் தங்கிவிட்டன. அட்கின்சன் கதையைத் தம் நடையில் அழகுபடுத்தி எழுதி, பாட்டை இலண்டன் ஆங்கிலத்தில் மாற்றியிருந்தால், குறளிக்கதை நமக்குக் கிடைத்திருக்கும். மூன்று சொற்களும் ஒரு தொழிலின் நினைவும் கிடைத்திரா.

வழக்காறும் வட்டாரச் சொல்லும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வாழ்வதற்கு அவர் நூலில் வேறு சான்றுகளும் உண்டு. விட்பிக்கு வடக்கே கடற்கரையை ஒட்டிய கிளேமோர் நீரூற்றில் தேவதைகள் துணி துவைப்பார்களாம். அவர்கள் துணியை அடிக்கும் மரப்பலகையின் ஓசை கெட்டில்னெஸ், ரன்ஸ்விக் என்னும் கடலோர ஊர்கள்வரை கேட்குமாம். அந்தப் பலகையின் பெயரும் கதையோடு பதிவாயிற்று. புல்வெளியில் காணும் வட்டக் கோடுகளைத் தேவதைகள் ஆடிய சுவடு என்று சொன்ன சிறுவர்கள், அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். ஒன்பதாவது சுற்றை மட்டும் முடிக்கமாட்டார்கள். முடித்தால் தேவதைகளுக்குத் தம்மேல் அதிகாரம் வந்துவிடும் என்று அச்சம்.

ரோவன் என்னும் மரத்துக்கு அவ்வூரில் சூனிய மரம் என்று பெயர். சூனியத்தைத் தடுக்கும் மரம் என்பது பொருள். மே மாதத் தொடக்கத்தில், புனித ஹெலன் நாளில், வீட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கிளை வெட்டி வர வேண்டும். முன்பு கண்டறியாத மரமாக இருக்க வேண்டும். போன வழியே திரும்பக் கூடாது. வெட்டிய குச்சிகளை வீட்டு வாசலிலும் தொழுவத்திலும் பால் கடையும் அறையிலும் செருகுவர். கண்ணேறுக்கு வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டும் நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. வியப்பு, ஒரு பாதிரியார் இதைப் பழித்துரைக்காமல் கத்தி முதற்கொண்டு குறித்து வைத்தது.

ஸ்டோக்ஸ்லி ஊரில் வாழ்ந்த ஜான் ரைட்சன் என்னும் 'அறிவாளி'யைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஏழாவது மகளுக்கு ஏழாவது மகனாகப் பிறந்தவன் தான் என்று சொல்லிக்கொண்டு, காணாமற்போன பொருளைக் கண்டுபிடிப்பது, மாட்டு நோய் தீர்ப்பது எனச் செய்துவந்தவர். அட்கின்சன் வருவதற்கு முன்பே அவர் காலம் முடிந்துவிட்டது. அவரிடம் போய்வந்தோர் உயிரோடு இருந்தனர். ஏமாற்றுக்காரன் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாமல், அம்மனிதருக்குக் கால்நடை மருத்துவத்தில் இருந்த உண்மையான திறமையையும், ஊர்ச் செய்திகளை அறிந்து வைத்திருந்த கூர்மையையும் எடைபோட்டு எழுதுகிறார். பிறர் அறிவை மதிக்கத் தெரிந்தவரின் எழுத்து அது.

இனிச் சொற்களஞ்சியத்துக்கு வருவோம். 1868இல் வெளியான 'கிளீவ்லாந்து வட்டார வழக்குச் சொற்களஞ்சியம்' தடித்த நூல். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், பிறமொழி ஒப்பீடு, பெரும்பாலும் ஊரார் வாயிலிருந்து எடுத்த வாக்கியம் ஆகியவை உண்டு. வாக்கியந்தான் அதன் உயிர். பொருளை அகராதிக்காரர் பிழையாகப் புரிந்துகொண்டிருந்தாலும், வாக்கியம் இருந்தால் பின்வருவோர் திருத்திக்கொள்ளலாம். ஒப்பீட்டுப் பகுதியை நான் அவ்வளவு உயர்வாக மதிப்பதில்லை. எதைக் கண்டாலும் டேனிய வேர் தேடும் ஆர்வம் அவருக்கு மிகுதி. பொதுவான பழைய ஆங்கிலச் சொல்லாக இருக்கக்கூடியதையும் சிலபோது கடலுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார். சொற்பிறப்பு ஆராய்ச்சியின் இந்தப் பழைய நோயை நாமும் நன்கு அறிவோம். ஆயினும் வேர்விளக்கம் மாறலாம். கேட்டதைக் கேட்டபடி எழுதியது மாறாது.

ஏன் அந்தக் காலத்தில் இந்த அவசரம்? 1850இல் கிளீவ்லாந்தின் ஈஸ்டன் குன்றுகளில் இரும்புத்தாது பேரளவில் கண்டெடுக்கப்பட்டது. மிடில்ஸ்பரோ நகரம் புகைபோக்கிகளால் நிறைந்தது. வேறு வேறு பகுதிகளிலிருந்து சுரங்கத் தொழிலாளர் வந்து குவிந்தனர். 1865இல் எஸ்க் பள்ளத்தாக்கின் வழியே இரயில் டான்பிக்கு வந்தது. இவற்றினும் ஆழமாகப் பாய்ந்தது பள்ளிக்கூடம். ஆசிரியர் நிறைந்த இந்த அவையில் இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

1862இல் இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு புதிய விதி வந்தது. பள்ளிக்குக் கிடைக்கும் அரசு மானியம், ஆய்வாளர் வந்து நடத்தும் தேர்வில் பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பெறும் தேர்ச்சியைப் பொறுத்தது. 1870இல் கல்விச் சட்டம் பள்ளிகளை ஊர்தோறும் பரப்பியது. 1880இல் வருகை கட்டாயமாயிற்று. ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றனர். இந்த நன்மையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஆய்வாளர் முன் பிள்ளை 'பிளே' என்பதற்கு 'லேக்' என்று சொன்னால் என்ன ஆகும்? ஆசிரியர் அந்தச் சொல்லைப் பிழையென்றே கற்பித்தார். அவரைக் குறைகூறவும் முடியாது; அவர் ஊதியம் அதில் இருந்தது. ஒரு தலைமுறைக்குள் பிள்ளைகள் பள்ளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாகப் பேசக் கற்றனர். அடுத்த தலைமுறையில் பெற்றோரே வீட்டுப் பேச்சுக்கு வெட்கப்பட்டனர்.

இந்த மாற்றத்தைக் கண்டவர்கள் 1873இல் ஆங்கில வட்டார வழக்குச் சங்கத்தை நிறுவினர். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்கீட் என்னும் பேராசிரியர் முன்னின்றார். ஊர்ப்புறப் பாதிரிமாரும் மருத்துவரும் ஆசிரியரும் தத்தம் வட்டாரச் சொற்பட்டியல்களை அச்சங்கத்துக்கு அளித்தனர். அட்கின்சனின் கூடுதல் சொற்கள் 1876இல் அதன் வழியே வெளிவந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் திரட்டியவற்றைக் கொண்டு ஆங்கில வட்டார வழக்கு அகராதி 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. டான்பிப் பாதிரியாரின் சொற்கள் அவர் பெயரோடு அதில் இடம்பெற்றன.

அந்த அகராதியைப் பதிப்பித்தவர் யார் தெரியுமா? ஜோசப் ரைட். அவரும் யார்க்ஷயர்க்காரர். ஆறு வயதில் கற்சுரங்கத்தில் கழுதை ஓட்டும் வேலைக்குப் போனவர். பின்பு ஆலைத் தொழிலாளி. பதினைந்து வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாதவர். தாமே கற்று, செருமனியிலுள்ள ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஆக்ஸ்போர்டில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியரானார். அட்கின்சன் வெளியிலிருந்து வந்து கேட்டு எழுதியதை ரைட் உள்ளிருந்து அறிந்திருந்தார். ஒரு வழக்கைப் பதிவதற்கு இருவருமே வேண்டும் என்பது என் கருத்து. உள்ளூரார்க்குத் தம் சொல் வியப்பாகத் தோன்றாது, அதனால் எழுதமாட்டார். அயலூரார்க்குச் சொல்லின் நிழல்கள் புலப்படா, அதனால் தவறுவார்.

பாதிரிமார் எல்லாரும் அட்கின்சனைப் போன்றவர் என்றும் எண்ணிவிடக் கூடாது. டெவன் பகுதியின் லூ டிரெஞ்சர்டு ஊரில் சாபைன் பேரிங்-கோல்டு என்றொருவர். முதிய உழவரிடமும் கல்லுடைப்போரிடமும் கேட்ட நாட்டுப்பாடல்களை 1889 முதல் தொகுத்து வெளியிட்டார். அரும்பணி. ஆனால் நடுத்தர வீடுகளின் கூடத்தில் பாடத் தகாதவை என்று தாம் கருதிய சொற்களை மாற்றி, சில பாடல்களைப் புதிதாகவே எழுதிவிட்டார். நல்லவேளையாக மூலக் குறிப்புகளை அழிக்கவில்லை. பிளிமத் நூலகத்தில் சேர்ப்பித்தார். இன்று ஆய்வாளர்கள் நாடுவது அச்சு நூலைவிட அந்தக் கையெழுத்துப் படியைத்தான். அட்கின்சனிடமும் பாதிரியார் முன் சொல்லத்தக்கவற்றைத்தான் மக்கள் சொல்லியிருப்பர் என்று கொள்வதே அறிவுடைமை. வசைச்சொல்லும் காமப்பாட்டும் அவர் காதுக்கு எட்டியிரா. கேட்பவர் யார் என்பது கிடைக்கும் தரவைத் தீர்மானிக்கிறது.

இன்னொருவரையும் இங்கே குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. தமிழார்வலர்க்கு இவரை மிகவும் பிடிக்கும். டோர்செட் பகுதியின் வில்லியம் பார்ன்ஸ், உழவர் மகன், பள்ளியாசிரியர், பின்பு பாதிரியார். அட்கின்சன் டான்பிக்கு வந்த அதே 1847இல் குருப்பட்டம் பெற்றவர். தம் வட்டார வழக்கிலேயே கவிதை எழுதினார். அவ்வழக்குக்கு இலக்கணமும் சொற்பட்டியும் செய்தார். அத்தோடு நில்லாமல், ஆங்கிலத்திலிருந்து இலத்தீன், கிரேக்கச் சொற்களைக் களைய வேண்டும் என்று எழுந்தார். ஒளிப்படத்துக்கு 'சூரிய அச்சு', குழந்தைத் தள்ளுவண்டிக்குத் 'தள்ளு வண்டிக்குட்டி' என்று பொருள்படும் தூய ஆங்கிலச் சொற்களைப் படைத்தார். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் காணுவதற்குப் பல்லாண்டு முந்திய செய்தி இது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. பார்ன்ஸின் புதுச்சொற்கள் பெரும்பாலும் நிலைக்கவில்லை. நம்மவர் ஆக்கியவற்றுள் எத்தனையோ நிலைத்தன. காரணம் ஆராயத்தக்கது, அதற்குத் தனிப் பொழிவு வேண்டும்.

தொடக்கத்தில் ஒத்திவைத்த வினாவுக்கு வருகிறேன்.

வட்டாரச் சொல்லைப் பிழையென்று ஒதுக்குவது தமிழ் மரபன்று. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனத் தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொல்லை நான்காக வகுத்தபோதே திசைச்சொல்லுக்கு இடம் தந்துவிட்டார். தாயைத் 'தள்ளை' என்று வழங்கிய நாடும் உண்டு என உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டினர். அண்மைக் காலத்தில் கரிசல் மண்ணின் உழவரான கி. ராஜநாராயணன் தம் வட்டாரத்துக்கு ஓர் அகராதி தொகுத்து வழிகாட்டினார். ஆனால் மலேசியத் தமிழின் தோட்டத்து வழக்குக்கு என்ன செய்திருக்கிறோம்?

கித்தா, மங்கு, ஒட்டுப்பால், நிரை, பெரட்டு, லயம், கிராணி, தண்டல், சடக்கு. இந்த அவையிலுள்ள முதியவர்கள் இச்சொற்களைக் கேட்டதும் முறுவலிப்பதைக் காண்கிறேன். மாணவர் வரிசையில் அந்த முறுவல் இல்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்கணக்கு எடுத்த காலம் போயிற்று. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்பு நிலங்களாயின. பால்மரம் வெட்டிய கைகளுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. டான்பியில் சூட்டுக்கோலுக்கு நேர்ந்தது இங்கே மங்குக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது.

'மங்கு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பட்டையிலிருந்து வடியும் பாலை ஏந்தும் கிண்ணம் அது. மலாய் மொழியின் 'மங்கோக்' என்பதோடு இதை இணைக்கலாம். தமிழகத்தில் பீங்கான் கலத்தைக் குறிக்கும் 'மங்கு' என்ற சொல்லோடும் இணைக்கலாம். எது மூலம் என்று இங்கே தீர்ப்பளிக்கப் போவதில்லை. எந்தத் தோட்டத்தில், யார், எந்த வாக்கியத்தில் வழங்கினர், மண்கலத்துக்கும் கண்ணாடிக் கலத்துக்கும் வேறு பெயர் இருந்ததா என்னும் குறிப்புகள் நூறு இடங்களிலிருந்து வந்தால்தான் அத்தீர்ப்பு இயலும். குறிப்புகளை இன்று எடுத்தால் உண்டு.

எழுத்துத் தமிழைக் கற்பிப்பதில் ஆசிரியர்கள் தளர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தேர்வுத்தாளில் 'சாலை' என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் பிள்ளை வகுப்பில் 'சடக்கு' என்று சொன்னால், சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கலாம்: இதை உன் வீட்டில் யார் சொல்வார்கள்? 1862ஆம் ஆண்டு விதியின்கீழ் உழைத்த ஆங்கில ஆசிரியர்க்கு அந்தக் கேள்வியைக் கேட்க நேரமில்லை. கேட்ட சிலரின் பட்டியல்கள் அகராதிக்குப் போய்ச் சேர்ந்தன.

மாணவர்களுக்குச் செய்முறையாகச் சில சொல்கிறேன். வரும் பள்ளி விடுமுறையில் பாட்டியிடமோ தாத்தாவிடமோ உட்காருங்கள். 'பழைய சொற்கள் என்னென்ன?' என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு அவை பழைய சொற்கள் அல்ல, விடை வராது. காலையில் எழுந்தது முதல் என்னென்ன எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனீர்கள், முதலில் எதைச் செய்தீர்கள், மழை வந்தால் என்ன ஆகும், பால் நிறுப்பவர் யார் என்று கேளுங்கள். பெயர்கள் தாமே வரும். பாட்டோ விடுகதையோ வந்தால் முழுவதும் எழுதுங்கள். புரியாத சொல்லை விட்டுவிடாதீர்கள், திருத்தாதீர்கள். அவர்கள் ஒலித்தபடியே எழுதுங்கள். அந்தச் சொல் வந்த வாக்கியத்தையும் எழுதுங்கள். சொன்னவர் பிறந்த ஆண்டு, வேலை செய்த தோட்டம், நீங்கள் கேட்ட நாள் ஆகியவற்றை அடியில் குறியுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வதாயின் முதலில் அவர்களிடம் இசைவு பெறுங்கள். பேச்சின் நடுவே சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் சிரித்தால் மட்டும் கூடச் சிரியுங்கள்.